சிங்க்குக்குக் கீழே ஒரு வாளி

சமையல் குறிப்புகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். புத்தகமோ யூட்யூப் வீடியோவோ, முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் முடியும்: சூடாகப் பரிமாறவும். அதுக்கப்புறம் என்ன நடக்கிறது? எண்ணெய் தெறித்த மேடை, அடிப்பிடித்த வாணலி, மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் சிக்கிய தேங்காய், சிங்க் ஜாலியில் அடைத்துக்கொண்ட கறிவேப்பிலை. இதெல்லாம் குறிப்பில் வராது. 'சமைக்கும் நேரம் 30 நிமிடம்' என்று போடுவார்கள். 'கழுவும் நேரம்' என்று ஒரு வரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

பேச்சுமொழியில் அந்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது: பத்துப் பாத்திரம். சின்ன வயசில் அதைப் பத்து பாத்திரம் என்ற கணக்கு என்றே நினைத்திருந்தேன். சாப்பாடு பற்றிக்கொண்ட பாத்திரம், அதாவது பற்றுப் பாத்திரம்தான் பேச்சில் அப்படி ஆனது என்பார்கள். சரி, பெயர் இருக்கிறது. இந்த வேலையை நடுவில் வைத்த படைப்புகள் எத்தனை என்று தேடினால் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும் போலிருக்கிறது. அதில் இரண்டை இங்கே சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். ஒன்று அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை', 1988இல் க்ரியா வெளியிட்ட அதே பெயருள்ள தொகுப்பில் இருக்கும் சிறுகதை. இன்னொன்று ஜியோ பேபி இயக்கி 2021 ஜனவரியில் வந்த மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. இரண்டுக்கும் நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி. கதை நடப்பது ராஜஸ்தான் குடும்பத்தில், படம் நடப்பது கேரளத்தில். ஆனால் இரண்டிலும் பிரச்சினை வெடிக்கிற இடம் ஒன்றுதான். பாத்திரம் கழுவும் தொட்டி.

முதலில் கதை. தெற்கிலிருந்து மருமகளாகப் போனவள் மீனாட்சி. அது பெரிய வீடு. சமையலறை மட்டும் கடைசியில் ஒட்டவைத்த மாதிரி ஒரு மூலையில். ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை தெரியும். ஜன்னலுக்குக் கீழே குழாயும் தொட்டியும். ஒரு பெரிய தட்டைக்கூட வைக்க முடியாத அளவுக்குச் சின்னத் தொட்டி. குழாயைத் திறந்தால் தண்ணீர் காலடியில் தேங்கும், அதிலேயே நின்று நின்று பெண்களின் பாதம் வெடிக்கும். மீனாட்சி மாமனாரிடம் ஒரு யோசனை சொல்கிறாள். வெளித் தாழ்வாரத்தை அகலப்படுத்தலாம், நாற்காலி போட்டு உட்காரலாம், பக்கத்தில் பெரிய தொட்டி கட்டினால் பாத்திரம் கழுவ வசதி, துணி காயப்போடும் இடத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். புரட்சி என்று ஒன்றும் இல்லை, ஒரு கட்டட வேலைக்கான பரிந்துரை. பதில் சீக்கிரமே வந்துவிடுகிறது. தாழ்வாரத்தின் குறுக்கே நைலான் கயிறு கட்டி ஈரத்துணியைத் தொங்க விடுகிறார்கள். தொட்டி வரவில்லை, இருந்த மலையும் மறைந்துபோகிறது.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் காட்சிக்குப் போய்விடுவார்கள். நோயில் கிடக்கும் மாமியாரின் பக்கத்தில் இருந்துகொண்டு, பலம் இந்தச் சமையலறையிலிருந்தும் நகையிலிருந்தும் வருவதில்லை என்று மீனாட்சி சொல்லும் இடம். அது முக்கியம்தான். ஆனால் எனக்கு அந்தக் கயிறுதான் மறக்க மாட்டேன் என்கிறது. வாக்குவாதமோ அடிதடியோ கிடையாது. 'நீ யோசனை சொல்லாதே' என்பதை ஒரு துணிக்கயிறு சொல்லிவிடுகிறது.

இப்போது படத்துக்கு வருவோம். நிமிஷா சஜயன் புது மனைவி, சூரஜ் வெஞ்ஞாரமூடு கணவன். இருவருக்கும் படத்தில் பெயரே கிடையாது. சிங்க்குக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது. அவள் வாளியை வைக்கிறாள், சாக்கைப் போடுகிறாள். பிளம்பரைக் கூப்பிடச் சொல்கிறாள், திரும்பவும் சொல்கிறாள். அவன் மறந்துபோகிறான்.

பிளம்பிங் தெரியாதவர்களுக்காகச் சின்னதாக ஒரு விளக்கம். சிங்க்குக்குக் கீழே குழாய் வளைந்து போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடை வாடை மேலே வராமல் தடுக்கும். சிங்க்கும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். கொதிக்கிற கஞ்சியும் எண்ணெயும் இறங்கி இறங்கி அது நாளடைவில் கெட்டிப்பட்டு விரிசல் விடும். பொதுவாக ஒழுகலுக்கு இதுதான் காரணம். கடையில் கிடைக்கும் சின்னச் சாமான், மாட்ட அரை மணி நேரம் போதும். ஆனால் அங்கே ஒழுகுவது குடிதண்ணீர் இல்லையே! சோறும் மீனும் குழம்பும் ஊறிய தண்ணீர். ராத்திரி படுக்கப் போகும்போதுகூட அவள் கையிலிருந்து அந்த வாடை போகவில்லை.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். குறையைப் பதிவு செய்கிறவர் ஒருத்தர், அதை யார் எப்போது சரிசெய்வது என்று முடிவெடுக்கிறவர் இன்னொருத்தர். முடிவெடுப்பவரை அந்தக் குறை தொடுவதே இல்லை என்றால், அது எத்தனை வருஷமானாலும் வரிசையில் கடைசியிலேயே கிடக்கும். கணவனைக் கொடுமைக்காரன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவனுக்கு அந்த வாளி கண்ணிலேயே படவில்லை. படத்தின் பலமே அங்கேதான். பின்னணி இசையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு நறுக்கும் சத்தம், தாளிக்கும் சத்தம், தேய்க்கும் சத்தம் என்றே போகிறது. ஆரம்பத்தில் பசியைக் கிளப்புகிற மாதிரி அழகாக எடுத்த அதே சாப்பாடு, போகப் போக மேஜையில் துப்பிய முருங்கைக்காய்ச் சக்கையாகவும் ஜாலியில் அடைத்த எச்சிலாகவும் மாறிவிடுகிறது.

என்னை உலுக்கியது வேறு ஒரு காட்சி. ஓர் உறவினர் வீட்டுக்கு வருகிறார். இன்றைக்குச் சமையல் நாங்கள், பெண்களுக்கு ஓய்வு என்று ஆண்கள் உற்சாகமாக இறங்குகிறார்கள். சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், சந்தோஷமாக எழுந்து போகிறார்கள். அதற்குப் பிறகு அந்த அடுப்படியைப் பார்க்க வேண்டுமே! மேடை முழுக்கச் சிந்தல், எல்லாப் பாத்திரமும் அழுக்கு. 'ஓய்வு' கொடுக்கப்பட்டவள்தான் ராத்திரி நின்று அதையெல்லாம் கழுவுகிறாள்.

வீட்டில் நானும் மனைவியும் சேர்ந்துதான் இந்தப் படத்தைப் பார்த்தோம். அந்தக் காட்சியில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு வைப்பது நான்தான். வெங்காயம் வதக்குவதில் ஆரம்பித்து மசாலா அரைப்பது வரை ரசித்துச் செய்வேன், சொந்தக்காரர்களிடம் பேரும் வாங்கியிருக்கிறேன். எனக்கு அதுதான் வாரம் பூராவும் இருந்த அழுத்தம் குறைகிற நேரம். அடுத்த ஞாயிறு எண்ணிப் பார்த்தேன். கரண்டியையும் சேர்த்து 23 உருப்படி சிங்க்கில் போட்டிருந்தேன். "நீங்க சமைச்சா எனக்கு ரெண்டு வேலை" என்று அவள் முன்னாடியே சொல்லியிருக்கிறாள். நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு என்ற விஷயத்தில்தான் இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்டவை போதவில்லை என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் ஆண்களின் ஓய்வுக்கு நேரமும் இடமும் இருக்கிறது. கணவனுக்குக் காலையில் யோகா. மாமனாருக்கு நாற்காலியும் பேப்பரும். அவள் உட்கார்ந்திருப்பதை எப்போது பார்க்கிறோம்? மாதவிலக்கு நாட்களில். வேலைக்கு வேறொரு பெண் வருகிறாள், இவள் அறைக்குள் இருக்கிறாள். அடுத்த முறை கணவனின் அத்தை வந்ததும் அதுவும் போகிறது. கட்டிலில் படுக்கக் கூடாது, தரையில் பாய். சும்மா இருக்கும் உரிமை ஆணுக்கு அன்றாடப் பழக்கம், பெண்ணுக்கு அது தீட்டாக மட்டுமே வருகிறது. வசனமே இல்லாமல் இதைக் காட்டியதுதான் படத்தின் பெரிய சாதனை. சபரிமலை விவகாரத்தைப் படத்துக்குள் கொண்டுவந்தது வலிந்து சேர்த்தது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே இருக்கவும், விலக்கு நாளில் ஒதுங்கி இருக்கவும் சொல்வது ஒரே ஒழுங்குதானே?

இதெல்லாம் சினிமா என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபட்டவர்கள், ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். அப்படி ஈடுபட்டவர்கள் செலவழித்த சராசரி நேரம் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 'நான் வீட்டில் உதவி பண்றேன்' என்று சொல்கிற என்னைப் போன்றவர்கள் அந்த 26.1க்குள் வருகிறவர்கள். உள்ளே வந்த பிறகும் மூன்றில் ஒரு பங்குகூட எட்டவில்லை.

ஓர் இன்ஜினியருக்கு இந்த இடத்தில் உடனே தோன்றுவது, வடிவமைப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்பதுதான். எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புத் திட்டத்துக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. கழுவும் தொட்டி, பாத்திரம் வடிய இடம், உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சுழலும் ஸ்டூல் எல்லாம் அதில் உண்டு. சுமார் 10,000 வீடுகளில் கட்டினார்கள். மீனாட்சி கேட்ட தொட்டியும் கிடைத்தது, இருக்கையும் கிடைத்தது. ஆனால் 1970களில் பெண்ணியவாதிகள் அதே சமையலறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஒரே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இடம். அந்த ஒரு ஆள் மனைவிதான் என்பதையும் சேர்த்தே கட்டிவிட்டார்கள். வேலை லேசானது, இன்னொருவர் உள்ளே வரவில்லை.

இதை வைத்துப் பார்க்கும்போதுதான் படத்தின் குறை எனக்குப் பிடிபட்டது. கடைசியில் அவள் அந்த அழுக்குத் தண்ணீரை ஆண்கள் முகத்தில் வீசிவிட்டு வெளியேறுகிறாள். தியேட்டரில் வந்திருந்தால் கைதட்டல் விழுந்திருக்கும். பிறகு அவள் கார் ஓட்டுகிறாள், நடனம் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த வீட்டுக்கு இன்னொரு மனைவி வந்து அதே தொட்டியில் கணவனின் கோப்பையைக் கழுவுகிறாள். ஒருத்தி தப்பித்தாலும் தொட்டி காலியாக இருக்காது என்று காட்டிய நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் படம் பார்க்கிறவனுக்குத் தப்பிக்க ஒரு வழியையும் அது கொடுத்துவிடுகிறது. அந்தக் கணவனும் மாமனாரும் அவ்வளவு உறைந்துபோன மனிதர்கள். விறகடுப்பில்தான் சோறு வேண்டும், துணியை மெஷினில் போடக் கூடாது என்கிறவர்கள். 'நாம அப்படி இல்லையே' என்று நிம்மதியாக எழுந்து போகலாம். அந்த உறவினர் சமைக்கும் காட்சி மட்டும்தான் என் மாதிரி ஆட்களை விடாமல் பிடிக்கிறது. அந்த மாதிரி இன்னும் நாலு காட்சி இருந்திருக்கலாம்.

அம்பையின் கதை அந்த வசதியைத் தரவில்லை. அங்கே யாரும் முகத்தில் எதையும் வீசவில்லை. மீனாட்சியின் யோசனையில் பழிவாங்கலே இல்லை. நாற்காலி, பெரிய தொட்டி, மறையாத மலை. வேலையும் ஓய்வும் ஒரே இடத்தில், ஒரே வாக்கியத்தில் வருகின்றன. வேலை முடிந்த பிறகு கிடைக்கும் சலுகையாக அவள் ஓய்வைக் கேட்கவில்லை. வேலை செய்யும் இடத்திலேயே உட்காரவும் பார்க்கவும் இடம் கேட்கிறாள். 2021இல் வந்த படத்துக்குத் தோன்றாத ஒன்று, 1988 தொகுப்பில் இருக்கிறது. என் ஓட்டு கதைக்குத்தான்.

எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கட்டுரையே 'சூடாகப் பரிமாறவும்' ஆகிவிடும். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கும்போதே வாணலியையும் மிக்ஸி ஜாரையும் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். சாப்பிட்ட பிறகு மிச்சத்தையும் தேய்த்து மேடையைத் துடைத்தால் மொத்தம் 50 நிமிடம் ஆகிறது. அதன் பிறகுதான் டீ. அப்படியும் போன வாரம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து உள்ளே போனாள். எதற்கு என்று கேட்டேன். சிங்க் ஜாலியில் இருந்ததை எடுத்துப் போடவும், மறுநாள் இட்லிக்கு உளுந்து ஊறப்போடவும்.

ஜாலி என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை.