நான்கில் மூன்று: பின்னம் கற்பித்தலில் தமிழ்ச் சொல்லாட்சி

பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளுட் பல, இரப்பர்த் தோட்டங்களில் தோன்றியவை. அவற்றின் மாணவர்கள் ஆறாம் ஆண்டுக்குப்பின் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய நகரங்களின் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் மலாய்மொழிச் சூழலுக்குள் நுழைகின்றனர். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கியது. இக்கொள்கைகள் குறித்த விவாதங்களில் மொழியுரிமை பேசப்பட்ட அளவிற்கு, மொழி கணிதக் கருத்தை உருவாக்கும் முறை பேசப்படவில்லை. பின்னத்தைச் சான்றாகக் கொண்டு அதனை இங்கு நோக்கலாம்.

¾ என்பதைத் தமிழ் 'நான்கில் மூன்று' என்கிறது. பகுதி முன்னும் தொகுதி பின்னும் வருகின்றன. 'இல்' என்னும் உருபு முழுமைக்கும் அதன் கூறுக்கும் உள்ள உறவைச் சுட்டுகிறது. மலாயில் 'தீகா பெர் எம்பாட்' என வரிசை மாறுகிறது. தமிழக வகுப்பறைகளில் வழங்கும் 'மூன்று பை நான்கு' என்பதோ இரண்டு எண்களை மட்டுமே செவிக்குத் தருகிறது.

கொரியமொழியும் பகுதியையே முதலிற் கூறும். மியூராவும் பிறரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கொரியக் குழந்தைகள் பின்னங்களைப் படங்களோடு பொருத்துவதில் அமெரிக்க, குரோவேசியக் குழந்தைகளைவிடச் சிறந்திருந்தனர். எனினும் 2003இல் பைக், மிக்ஸ் ஆகியோர், கூறுகளைத் தெளிவுறுத்தும் சொற்களை ஆங்கிலத்திலேயே வழங்கியபோது அமெரிக்கக் குழந்தைகளும் மேம்பட்டதைக் காட்டினர். ஆகவே பயன் மொழியில் தானாக விளைவதன்று. ஆசிரியரின் சொல்லாட்சியால் விளைவது.

பழந்தமிழ்ப் பின்னப் பெயர்களை மீட்டாலே போதும் என்னும் கருத்தும் ஆய்வுக்குரியது. மா 1/20, காணி 1/80; இரண்டும் சேர்ந்தது மாகாணி, அதாவது 5/80 = 1/16. பகுதியைச் சமமாக்கிக் கூட்டும் பாடம் இப்பெயரிலேயே அடங்கியுள்ளது. மலாயாவில் முன்பு வழங்கிய காத்தி என்னும் நிறைக்குத் தாயில் ஒரு மாகாணியே. 16 தாயில் ஒரு காத்தி. ஆனால் முந்திரியாகிய 1/320ஐ அடியாகக் கொண்ட இம்முறையில், மூன்றில் ஒன்றைச் சரியாகக் கூற இயலாது. 320 மூன்றால் வகுபடுவதில்லை. எனவே இப்பெயர்கள் விளக்கத்திற்குத் துணையாகலாம்; பாடத்திட்டத்திற்கு மாற்றாகா.

மாணவர் ½ + ⅓ = 2/5 என எழுதுவது பரவலான பிழை. விடை ½ஐவிடச் சிறிதாய் இருப்பதே அதன் முரணைக் காட்டும். 'இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று' எனச் சொல்ல வைத்தால், பங்குகள் சம அளவின அல்ல என்பது புலப்படும்; ஆறில் மூன்றும் ஆறில் இரண்டும் சேர்ந்து ஆறில் ஐந்து ஆகும். 'பங்கு' தோட்டச் சமூகத்திற்குப் புதிய சொல்லன்று. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் பங்குதாரர் ஆயினர்.

ஆகவே தொடக்க ஆண்டுகளில் 'நான்கில் மூன்று' என்னும் வாசிப்பை உறுதிப்படுத்துதல் வேண்டும். ஆறாம் ஆண்டில் அதனை மலாய் வாசிப்போடு ஒப்பிட்டுக் காட்டுதலும் தமிழாசிரியர், கணித ஆசிரியர் இருவரின் கூட்டுக் கடமையாகும். அவ்வாறின்றேல் இடைநிலைப்பள்ளியில் மாறுவது சொல்வரிசை மட்டுமன்று. மாணவர் பெற்ற கருத்தும் சிதையும்.