வீட்டாரைப் பாடும் நகைப்பாட்டு

கஞ்சிக்கோட்டுத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நடத்தப்பெற்ற கவிதைப் போட்டியின் ஏடுகளைப் படிக்கும் பொறுப்பு நமக்கும் வேறு இரு அன்பர்களுக்கும் வாய்த்தது. தமிழன்னையை வாழ்த்தியோர் பலர். பொங்கலைப் பாடியோர் சிலர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் இருமுறை வந்து போனான். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஏடு மட்டும் வேறாக இருந்தது. தன் வீட்டார் ஒவ்வொருவரையும் பற்றி நான்கைந்து அடிகளில் ஏழு நகைப்பாட்டுகள் எழுதியிருந்தாள்.

“பெற்றோரை நகையாடுவது தமிழ்ப் பண்பன்று” என்று கூறி நடுவருள் ஒருவர் அவ்வேட்டை ஒதுக்கி வைத்தார். அக்கூற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்பாட்டு தந்தையைப் பற்றியது. அவர் உருக்காலைத் தொழிலாளி.

இரவு ஷிப்ட் முடித்து
அப்பா பகலில் தூங்குகிறார்.
வீடே விரல்நுனியில் நடக்கிறது.
குக்கருக்கு மட்டும்
யாரும் சொல்லவில்லை.

இதில் அவமதிப்பு எங்கே உள்ளது? உழைத்துக் களைத்தவர் உறக்கம் கெடலாகாது என்று ஒரு குடும்பமே மூச்சடக்கி நடக்கிறது. அந்த அன்பைக் கூறிய பின்னரே நகை வருகிறது. அதுவும் குக்கரின் மேல் வருகிறது. பாட்டனாரைப் பற்றிய பாட்டும் இத்தகையதே. எங்கும் பயணம் போகாத முதியவர் ஒருவர், வாளையாறு பக்கமிருந்து வரும் ஒவ்வொரு வண்டிக்கும் கடிகாரத்தைப் பார்த்து, தாமதம் என்று கடிந்துகொள்கிறார்.

நம் இலக்கியத்துக்கு இது புதிதன்று. விருந்தினருக்குச் சோறிட வேண்டி மனைவியின் முகந்திருத்திப் பேன் பார்த்துக் கெஞ்சிய கணவன், பழைய முறத்தால் அடிபட்டு ஓடிய காட்சியை ஔவையார் ஒரே வெண்பாவில் அடக்கிவிட்டார். மாணவியின் பாட்டைவிட அது கடுமையானது. எனினும் நாம் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறோம்.

கேரளத் தமிழராகிய நமக்கு இன்னும் நெருங்கிய சான்று கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘மருமக்கள்வழி மான்மியம்’. நாஞ்சில்நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1917-18 ஆம் ஆண்டுகளில் ‘தமிழன்’ இதழில் தொடராக வந்து, 1942 இல் நூலாயிற்று. சொத்து மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மகனுக்குச் செல்லும் வழக்கத்தால் ஒரு வீடு படும் பாட்டை அது நகைப்பொருளாக்கியது. மாமியாரின் ஆட்சிக்குப் புராணப் பாணியில் ‘மாமி அரசியற் படலம்’ என்று பெயரிட்ட குறும்பு ஒன்றே போதும். ஆயின் நாம் கருத வேண்டியது, அந்நகை யாருடைய வாயில் வைக்கப்பட்டது என்பதே. காரணவரின் ஐந்தாம் மனைவி, அவ்வீட்டில் எவ்வுரிமையும் அற்றவள், அவளே பேசுகிறாள். கீழிருப்பவர் மேலிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1926 இல் அவ்வழக்கத்துக்கு முடிவு கட்டியது.

இவ்வளவுகோலால் அளந்தால் ஏழனுள் ஒன்று தேறவில்லை. காது மந்தமான பாட்டி, கேட்ட பொருளை விட்டு வேறொன்றைக் கொணர்வதைப் பற்றிய பாட்டு அது. நாமும் முதலில் சிரித்தோம்; மறுமுறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. உறங்கும் தந்தை எழுந்தால் மறுமொழி சொல்வார். பாட்டிக்கோ தன்மேல் பாட்டு வந்ததே கேளாது.

இன்னொரு நடுவர் வேறொரு பாட்டில் சிவப்பு மையால் திருத்தம் செய்திருந்தார்.

மலையாளத்தில் சண்டை போட்டால்
தம்பி ஜெயிக்கிறான்.
தமிழில் போட்டால் நான்.
அம்மா அடிக்கும்போது
மொழி பார்ப்பதில்லை.

‘ஜெயிக்கிறான்’ என்பது ‘வெல்கிறான்’ ஆகவேண்டுமாம். பிள்ளைகள் சண்டையில் வெல்வதில்லை, ஜெயிக்கிறார்கள். பள்ளியில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாக வளரும் நம் பிள்ளைகளின் நிலையை இதனினும் சுருக்கமாகச் சொன்ன பாட்டை நாம் படித்ததில்லை. ஏட்டின் மேல் ‘ஹைக்கூ’ என்று எழுதியிருந்தாள். அது மட்டும் பிழை. ஹைக்கூ இயற்கையை நோக்குவது. மனிதரின் கோணல்களை நோக்கி நகுவதை ஜப்பானியர் 18 ஆம் நூற்றாண்டுப் புலவர் ஒருவரின் பெயராலேயே ‘சென்ரியு’ என்பர்.

பண்பு பேசிய நண்பருக்குத் தொல்காப்பியத்தையே காட்டினோம். மெய்ப்பாடு எட்டனுள் நகையே முதலாவது. அது பிறக்கும் நான்கு களன்களுள் எள்ளலும் ஒன்று. தான் பிறரை எள்ளி நகுதலேயன்றி, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதலும் அதில் அடங்கும் என்பது பேராசிரியர் உரை. இரண்டாவது நமக்கு எளிதில் வருவதில்லை. அலுவலகக் கோப்பைக் கையாள்வதுபோல் வீட்டு மளிகைச் சீட்டிலும் குறிப்பெழுதிக் கையொப்பமிடும் நம்மை நம் பிள்ளைகள் பாடியிருந்தால் என் செய்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தோம். விடை பெருமைக்குரியதாக இல்லை.

நண்பர் இணங்கவில்லை. முதற்பரிசு பாரிக்கே சென்றது. மாணவியின் பாட்டுகளில் இரண்டையாவது இம்மலரில் சேர்க்க விரும்பி, அவள் தந்தையிடம் ஏட்டைக் காட்டி இசைவு கேட்டோம். ஷிப்டுக்குப் புறப்பட்டு நின்ற அவர் முதற்பாட்டை இருமுறை படித்தார். பிறகு, “குக்கர் மட்டுமா சார்? இவளுடைய செல்போனும்தான். அதையும் சேர்த்துப் போடுங்கள்” என்றார்.