கற்கள் கைகோத்த வெளிச்சவீடு

கொழும்பில் வெளிச்சவீடு என்றதும் கோட்டை சதாம் வீதியின் மணிக்கூட்டுக் கோபுரம்தான் நினைவுக்கு வரும். ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி வரைந்துகொடுக்க, 1857இல் எழுந்தது. 1952இல் விளக்கு அணைந்தும் இன்றுவரை நிற்கிறது. அழகுதான். ஆனால் என் மனம் போய் ஒட்டிக்கொண்டது கடலுக்குள் நிற்கும் இன்னொன்றில். கிரிந்தைப் பக்கம், கரையிலிருந்து சுமார் 13 கிலோமீற்றர் தள்ளி நிற்கும் கிரேட் பாஸஸ். மேடு தட்டிய கடலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்தான் 'பாஸஸ்' என்று திரிந்திருக்கிறது. சிங்களத்தில் அது நிற்கும் பாருக்கு, அதாவது கடற்பாறைத் திட்டுக்கு, மகா ராவணா கொட்டுவ என்று பெயர். இராவணன் கோட்டை!

1961இல் சுழியோடி மைக் வில்சன் குழுவினர் அந்தப் பாரடியில் முகலாய வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார்கள். உடைந்த கப்பல் ஒன்றின் சரக்கு அது. கப்பல்களை உடைக்கும் அப்படிப்பட்ட இடம்.

அங்கே வெளிச்சவீட்டை இரும்பில் கட்டப் போட்ட முதல் திட்டம் கைகூடவில்லை. பிறகு பொறியியலாளர் ஜேம்ஸ் டக்ளஸ் கருங்கல்லில் வடிவமைத்தார். சகோதரர் வில்லியம் கடலில் நின்று கட்டினார். ஸ்கொட்லாந்தின் டல்பீட்டியில் செதுக்கிய கற்கள் கப்பலேறிக் காலிக்கு வந்தன.

இனித்தான் ரசிக்க வேண்டிய இடம். பழைய தேக்கு மேசையின் லாச்சியை இழுத்து மூலையைப் பாருங்கள். புறாவின் வாலைப்போல நுனி விரிந்த பல் ஒன்று எதிர்ப்பலகையின் குழிக்குள் இறங்கியிருக்கும். எவ்வளவு இழுத்தாலும் கழன்று வராது. அந்தத் தச்சு வேலையைத்தான் இங்கே கல்லில் செய்திருக்கிறார்கள். பக்கத்துக் கல்லோடு மட்டுமல்ல, மேலும் கீழும் உள்ள கற்களோடும் பூட்டு. ஒரு கல்லைப் பிடுங்க வேண்டுமானால் அலை முழுக் கோபுரத்தையும் அல்லவா பிடுங்க வேண்டும்! அடியில் 32 அடி விட்டத்தில் ஒரு கல் உருளை. அதன்மேல் ஒடுங்கிக்கொண்டே போகும் உடல். மொத்தம் 37 மீற்றர். காவலர்கள் மாறி மாறி அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். நம் 'வெளிச்சவீடு' என்ற சொல்லில் உள்ள 'வீடு' எத்தனை பொருத்தம்!

விளக்கு ஏறிய நாள் 1873 மார்ச் 10. ஐந்து ஆண்டு கழித்து லிட்டில் பாஸஸ் என்ற இன்னொரு பாரிலும் ஒரு தம்பி எழுந்தான். 2004 ஆழிப்பேரலை வந்து போனது, இரண்டும் நின்றன. கல் தன் கடமையைச் செய்துவிட்டது. உப்புக்காற்று தின்னும் இரும்பையும் விளக்கறையையும் பேணுவதுதான் நம் கடமை.

வெள்ளவத்தையிலிருந்து கதிர்காமம் போகிறவர்களே, ஓர் இரவு கிரிந்தைக் கரையிலும் நின்று கடலைப் பாருங்கள்.