மேசையில் ஏறும் மலை

அடையாற்றில் நண்பர் ஒருவரின் சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஆடும் போர் விளையாட்டுகளில், எதிரி அரண் கட்டி உட்கார்ந்திருக்கும் குன்றைக் காலாட்படையால் பிடிக்கும் ஆட்டத்துக்குத்தான் எப்போதும் கிராக்கி. அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அது தவறாகக் கற்றுக்கொடுப்பதும் உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

கணக்கில் ஆட்டம் கெட்டி. 1950களில் அமெரிக்காவின் சார்லஸ் ராபர்ட்ஸ் கொண்டுவந்த முறை இன்றும் பல பலகைகளில் ஓடுகிறது: தாக்குபவரின் பலத்துக்கும் காப்பவரின் பலத்துக்கும் விகிதம் போட்டு, பகடையை உருட்டி, அட்டவணையில் முடிவைப் பார்க்க வேண்டும். மேட்டில் நிற்பவருக்குப் பலம் இரட்டிப்பு. முகட்டில் 4 புள்ளிக் காய் ஒன்று இருந்தால் அது 8 ஆகிவிடும். மூன்றுக்கு ஒன்று வேண்டுமென்றால் நான் 24 புள்ளிகள் திரட்டியாக வேண்டும். அந்தக் காயைச் சுற்றி இருப்பது ஆறு கட்டங்கள். அதில் நான்கு செங்குத்துப் பாறை. மிச்சமுள்ள இரண்டில் 24 புள்ளிகள் அடங்காது. பின்னால் எத்தனை பேர் காத்திருந்தாலும் மலை அவர்களை ஒற்றை வரிசையில்தான் அனுப்பும் என்பது காய்களை நகர்த்தும்போது தெளிவாகிவிடும்.

1999 கார்கில் போரில் டோலோலிங் முகட்டில் நடந்ததும் இதுவே. மே மாதக் கடைசியில் 18 கிரனேடியர்ஸ் படைப்பிரிவு வீரர்கள் மொட்டைச் சரிவில் திரும்பத் திரும்ப ஏறித் தடைபட்டார்கள். மேஜர் ராஜேஷ் அதிகாரி அங்கே உயிர்விட்டார். ஜூன் 13 அன்று 2 ராஜ்புதானா ரைஃபிள்ஸ் முகட்டைப் பிடிப்பதற்கு முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் அதை அடித்து நொறுக்கியிருந்தன. ஆளைக் கூட்டுவதைவிட குண்டைக் கூட்டு என்ற பாடத்தை மேசை ஒரு மாலைப்பொழுதில் சொல்லித் தருகிறது. அந்த அளவில் இந்த ஆட்டத்தை நான் மனமார மதிக்கிறேன்.

குறை, பார்வையில் இருக்கிறது. மேசையில் எதிரியின் காய்கள் எல்லாம் என் கண்முன் கிடக்கின்றன. திருச்சியின் மேஜர் சரவணன் மே 29 அன்று படாலிக் பகுதியில் தன் பீகார் ரெஜிமெண்ட் வீரர்களோடு ஏறியபோது, மேலே எத்தனை பேர், என்னென்ன ஆயுதம் என்பது கீழே யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் போரின் முதல் வாரங்களைத் தீர்மானித்ததே இந்தத் தெரியாமைதான். அதை எடுத்துவிட்டு ஆடினால் நாம் ஆடுவது கார்கில் அல்ல.

இதற்கு மருந்து 1824லேயே வந்துவிட்டது. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்த ஆட்டத்தில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்தார். தன் படையின் கண்ணுக்கு எட்டுவது எதுவோ அது மட்டுமே ஆடுபவருக்குக் காட்டப்பட்டது. நடுவர் வேலையில் ஜெயிப்பு கிடையாது என்பதால் வீட்டு மேசைகளில் முதலில் கழற்றிவிடப்படுபவர் அவர்தான். நடுவர் இருந்தும் அவர் பேச்சு எடுபடாவிட்டால் இன்னும் மோசம். 1942இல் மிட்வே தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை நடத்திய ஒத்திகையில், பகடையின்படி ஜப்பானியக் கப்பல்கள்மீது ஒன்பது குண்டுகள் விழுந்ததாக நடுவர் சொன்னதை அட்மிரல் உகாகி மூன்றாகக் குறைத்தார். மூழ்கியதாக அறிவிக்கப்பட்ட காகா கப்பல் பிற்பாடு ஆட்டத்தில் மறுபடி மிதந்தது. ஜூன் மாதம் அகாகி, காகா இரண்டு கப்பல்களும் நிஜமாகவே கடலுக்குள் போயின.

மன உறுதியை எப்படி எண்ணாக்குவது என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து கார்கில் போருக்குப் போனவர் மேஜர் பத்மபாணி ஆச்சார்யா. ஜூன் 28 இரவு, நோல் குன்றைத் தாக்கிய அவருடைய கம்பெனியின் முன்னணிப் பிளட்டூன் பெரும் இழப்போடு திணறியது. ரிசர்வ் பிளட்டூனைத் தானே முன்னின்று குண்டு மழைக்குள் நடத்திப் போனார். முகடு கைக்கு வந்தது. அவர் உயிர் போயிற்று. மகாவீர் சக்ரா அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. பல ஆட்டங்களில் அந்த இடத்தில் அட்டவணை பின்வாங்கச் சொல்லியிருக்கும்.

சில ஆட்டங்கள் தலைவருக்கென்று தனிக் காய் வைத்து, அவர் கூட இருந்தால் பகடையில் ஒரு புள்ளி கூட்டித் தருகின்றன. அது போதாது என்று வாதாடும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த எண்ணை ஏற்றினால், பீரங்கிக்குக் காத்திராமல் துணிச்சலை நம்பி ஆளை மேலே அனுப்புபவரே ஜெயிப்பார். டோலோலிங்கில் ஜூன் வரை கொடுத்த உயிர்களை அந்த மேசை மறந்துவிடும். கூட்டல் ஒன்றாகவே இருக்கட்டும். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், அந்தத் தலைவர் பிழைத்தாரா என்று தனியாக ஒரு பகடை உருட்ட வேண்டும் என்பதே என் கட்சி.