கல் சொன்னதும் கதை சொன்னதும்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அன்றுதொட்டு ஆதித்த கரிகாலன் கொலையென்றால் சோழநாட்டார் நந்தினியையும் கடம்பூர் மாளிகையையுமே நினைக்கின்றனர். கற்பனை நாவலாசிரியரின் உரிமை. கொன்ற கை எதுவென்று அவர் அறுதியிடாததும் நேர்மையே. கதையை வரலாறாகக் கொள்வதே பிழை.

நமக்குள்ள சான்று காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு. முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டுக்குரிய அது, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தாரைத் துரோகிகள் என்கிறது. அவர்தம் உறவினர் உடைமையையும் பறிக்கும் ஆணை அதில் உண்டு. கொலையின் காரணமோ, ஏவியவர் பெயரோ இல்லை.

அவ்வெற்றிடத்தில் நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழரை ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் மறுத்தார். உத்தமர் ஆட்சியில் தண்டனைச் செய்தி காணப்படாமையே ஐயத்தின் வேர். ஹதீஸ் கலை பயின்றோர் அறிவர்: அறிவிப்பாளர் தொடர் அறுந்த செய்தி பலவீனமானது. இங்கோ தொடரே இல்லை, மௌனம் சாட்சியாகாது.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் கி.பி. 661-இல் கூஃபாப் பள்ளியில் ஹலரத் அலீ (ரலி) அவர்கள் சதியால் வெட்டுண்டார்கள். வெட்டியவனையன்றி வேறெவரையும் தண்டிக்கலாகாது என்று மரணப் படுக்கையில் அன்னார் பணித்ததாக அறிவிக்கப்படுகிறது. உடையார்குடியில் உறவினரும் தண்டிக்கப்பட்டனர். ஆயிரம் ஆண்டுக்குப் பின் சான்றின்றி உத்தமரைக் குற்றவாளியாக்குவோர் அதே அநீதியைப் பேனாவால் செய்கின்றனர். கதையைச் சுவைப்போம், பழி சுமத்துமுன் சாட்சியைத் தேடுவோம்.