‘கிடைக்கும்’ என்ற சொல்லும் பினாங்கின் ஒரு தட்டுச் சோறும்

பயணக் கட்டுரைகளில் என்னைத் தொடர்ந்து உறுத்தும் வினைச்சொல் ஒன்று உண்டு: ‘கிடைக்கும்’. பினாங்கு பற்றிய எந்தத் தமிழ்க் கட்டுரையை எடுத்தாலும் அது வந்துவிடும். ஆயர் ஈத்தாமில் அசாம் லக்சா கிடைக்கும். கர்னி டிரைவில் பசெம்போர் கிடைக்கும். சூலியா வீதியில் இரவானால் எல்லாமே கிடைக்கும். மழை பெய்தால் தண்ணீர் கிடைக்கிற மாதிரி. சமைத்தவர் யார், எத்தனை மணிக்கு எழுந்தார், அந்த இடத்துக்கு எவ்வளவு வாடகை கட்டுகிறார்? வாக்கியத்தில் எழுவாயாக உணவு மட்டும் நிற்கிறது. ஆளைக் காணோம்.

இந்தக் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பே உருவாகிவிட்டது. முதல் பத்தியில் 1786, பிரான்சிஸ் லைட், கார்ன்வாலிஸ் கோட்டை. அடுத்ததில் 2008, யுனெஸ்கோ. பிறகு ஆர்மேனியன் வீதியில் எர்னெஸ்ட் சக்கரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு ஒரு படம். அதன்பின் கடைசிவரை சாப்பாடு. வரலாறு தனியாக, சாப்பாடு தனியாக. ஜார்ஜ் டவுனில் இரண்டையும் அப்படிப் பிரிக்கவே முடியாது என்பதுதான் என் புகார்.

நாசி கண்டாரையே எடுத்துக்கொள்வோம். ‘கண்டார்’ என்றால் மலாயில் தோளில் கழி வைத்து, இரு முனையிலும் சுமை தொங்கவிட்டுத் தூக்குவது. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இப்படிச் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சோறு அது. பெயரிலேயே ஒரு மனிதனின் தோள் இருக்கிறது. நம் கட்டுரையாளர்கள் பெயர் விளக்கத்தைக்கூட ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். ஆனால் அடுத்த வரியிலேயே அந்த ஆளை இறக்கிவிட்டுவிட்டு ‘நாவில் எச்சில் ஊறும்’ என்று போய்விடுகிறார்கள்.

சரி, சுவையைப் பற்றியாவது உருப்படியாக ஏதும் சொல்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ‘குவா சம்போர்’ என்றதும் கோழிக் குழம்பும் மீன் குழம்பும் ஒரே சோற்றின் மேல் கலந்து ஊற்றப்படுகின்றன. சாம்பார், ரசம், மோர் என்று வரிசை தப்பாமல் சாப்பிட்டுப் பழகிய நாக்கு அதை எப்படி எதிர்கொண்டது? முதல் வாயில் மிரண்டதா? இதை எழுதினால் அது இலக்கியத்துக்கு வேண்டிய தகவல். ‘அருமையோ அருமை’ என்பது விளம்பரத்துக்கு வேண்டியது.

வாடகை பற்றிக் கேட்டதற்கும் காரணம் உண்டு. போருக்கு முந்தைய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அது 1997இல் நீக்கப்பட்டு, 2000 பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முழுதாக முடிந்துபோனது. வாடகை எகிறியது. கீழே தொழில், மேல்மாடியில் குடும்பம் என்று இருந்த பலர் நகரின் நடுப்பகுதியைவிட்டு வெளியேறினார்கள். பல கடைவீடுகள் இன்று தங்கும் விடுதிகள், காப்பிக்கடைகள். அஞ்சடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு ‘காலம் உறைந்து நிற்கும் தெரு’ என்று எழுதுகிறோம். காலம் உறையவில்லை. குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள், அதனால் தெரு அமைதியாக இருக்கிறது.

‘ரெண்டு நாள் லீவுல போறவன் ஆராய்ச்சியா பண்ண முடியும்? சாப்பிட்டோமா, வந்தோமான்னு இருக்க விடுங்களேன்’ என்பார்கள். நியாயம்தான். சாப்பிடுவதில் எனக்கும் ஆட்சேபம் கிடையாது. எழுத உட்கார்ந்த பிறகுதான் பேச்சே. மலாக்காவில் பிறந்த, தமிழ் வம்சாவளியும் கொண்ட முன்ஷி அப்துல்லா 1838இல் சிங்கப்பூரிலிருந்து கடல்வழியே கிளந்தானுக்குப் போனதை மலாயில் எழுதினார். போன இடமெல்லாம் ஆட்சி எப்படி நடக்கிறது, ஜனங்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று துருவினார். அவர் பார்வை ஆங்கிலேயர் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. அதோடு இன்றைக்கும் சண்டை போடலாம். நம்முடைய உணவுப் பட்டியல்களோடு சண்டைகூடப் போட முடியாது.

இத்தனைக்கும் தமிழில் எழுதுகிறவருக்குப் பினாங்கில் ஒரு வசதி இருக்கிறது. அங்குள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு வேர் கடையநல்லூரிலும் ராமநாதபுரத்திலும். அந்தக் கடைகளை நாடே ‘மாமாக்’ என்கிறது. ‘மாமா’ என்ற நம் உறவுச்சொல்லிலிருந்து வந்த பெயர். சீனரும் மலாய்க்காரரும்கூட ‘அண்ணே’ என்று கூப்பிட்டுத்தான் தே தாரே கேட்கிறார்கள். நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், பத்து நிமிடம் போதும். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ‘எந்த ஊர்ண்ணே? கடை எத்தனை வருசமா இருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் உட்கார்ந்து கதை சொல்லலாம். ‘தம்பி, கையெல்லாம் வேலை, அப்புறம் வாங்க’ என்று துரத்தியும் விடலாம். எதுவானாலும் அதை அப்படியே எழுதுங்கள். அந்தப் பத்தியில் ஒரு ஆள் இருப்பார்.