டயல் சொன்னால் சொன்னதுதான்

இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பேட்டரிகளைக் கழற்றினேன். கேமரா வாங்குவதென்றால் முதலில் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கடையில் ஒருமுறை இதைச் செய்தபோது விற்பனைப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கேமரா தானாகக் கண்ணைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்வதை அவன் எனக்குக் காட்டியாக வேண்டும். எனக்கோ, உயிரில்லாமல் கிடக்கும்போது அது என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும்.

ஃபியூஜி எக்ஸ்-டி5 எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வலப்பக்க டயலில் 250. இடப்பக்கத்தில் ஐஎஸ்ஓ 400. லென்ஸ் வளையத்தில் 5.6. நிக்கான் இஸட்-எஃப் முக்கால்வாசி சொன்னது. பித்தளை டயல் ஒன்றில் 250, இன்னொன்றில் 400. அப்பர்ச்சர்? மேல்தட்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சன்னல் இருக்கிறது. பேட்டரி இருந்தால் எண் அதில் தெரியும். இப்போது வெறும் சாம்பல்.

இந்தச் சன்னலைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எஃப்எம்2-வில் ஒரு சன்னல் இருந்தது, வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ‘நிக்கான்’ என்ற பெயருக்குக் கீழே, லென்ஸை எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து இருக்கும். லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தில் எண்கள் இரண்டு வரிசை. பெரிய வரிசை நமக்கு, எறும்பு சைஸில் இருக்கும் சின்ன வரிசை அந்தச் சன்னலுக்கு. அந்தச் சின்ன எண்ணைக் கண்ணாடி வழியாகவே மேலே கொண்டுவந்து வியூஃபைண்டரின் உச்சியில் காட்டும். கம்பி இல்லை, கரண்ட் இல்லை. வெளியே அடிக்கிற வெயில்தான் விளக்கு. சாயங்காலம் இருட்டினால் எண்ணும் இருட்டிவிடும். ஆனால் தெரிகிறவரை அது லென்ஸில் செதுக்கிய அதே எண்தான், தப்பாகக் காட்ட வழியே கிடையாது. 1982-இல் இதைச் செய்து வைத்துவிட்டார்கள். இஸட்-எஃப் செய்தவர்கள் அந்த எஃப்எம்2-வைப் பார்த்தே செய்தார்கள். பெயரைக்கூட அந்தக் காலத்து எழுத்தில் பொறித்தார்கள். சன்னலையும் மறக்கவில்லை. உள்ளே எல்சிடியை வைத்துவிட்டார்கள்.

40 மெகாபிக்சலா, 24-ஆ என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் போட்டதிலேயே பெரிய பிரிண்ட் 16-க்கு 24 அங்குலம், அதற்கு 24 தாராளம். இருட்டில் நிக்கானின் ஃபுல் ஃபிரேம் ஜெயிக்கும், 6400-க்கு மேல் போனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டிலும் பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது. வீடியோ பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை.

டயல் பற்றி இருக்கிறது. எக்ஸ்-டி5-இல் மோட் டயல் கிடையாது. வளையமும் ‘ஏ’, டயலும் ‘ஏ’ என்றால் எல்லாம் கேமரா பாடு. வளையத்தை 5.6-க்குத் திருப்பினால் அப்பர்ச்சர் உங்கள் பொறுப்பு. டயலையும் 250-க்குத் திருப்பினால் இரண்டும் உங்கள் தலையில். எங்கே எண் தெரிகிறதோ அங்கே உங்கள் சொல் செல்லும், அவ்வளவுதான் இலக்கணம். (பின்பக்கச் சக்கரத்தை உருட்டி மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டிக் குறைக்கலாம், அப்போது டயல் லேசாகப் புளுகும். மன்னிக்கலாம்.) இஸட்-எஃப்-இல் டயலும் உண்டு, ஐஎஸ்ஓ டயலுக்கு அடியில் மோட் மாற்றும் லீவரும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு மாமியார். லீவர் ‘ஏ’-யில் இருந்தால் நீங்கள் வைத்த 250-க்கு ஒரு மரியாதையும் இல்லை. கேமரா பாட்டுக்கு 1/60-இல் எடுத்துக்கொண்டிருக்கும், டயல் மேலே 250 என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். இத்தனை அழகாகக் கடைந்து, எண்ணைச் செதுக்கி, வண்ணம் ஏற்றி, கடைசியில் அதைப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்கள் கும்பகோணத்து ஸ்டுடியோ அண்ணனைப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்குத் தொழில் காட்டிக்கொடுத்தவர். முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் கரண்ட் போனாலும் அவர் கேமராவைக் குனிந்து பார்க்க மாட்டார். வளையத்தை 22-இல் முட்டும் வரை ஒரே சுழற்று, அங்கிருந்து திரும்ப எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வந்தாயிற்று, ஃபிளாஷுக்குச் சரி. “கேமராவப் பாத்தீன்னா மாப்பிள்ளைய விட்டுருவ தம்பி. எண்ணு.” அவர் விரலுக்குக் கண் இருந்தது. 2009-இல் கடையை மூடியபோது, எனக்கென்று எடுத்து வைத்திருந்த நிக்கார் 105 மி.மீ. 2.5-ஐ மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தார். பாதி விலை வாங்கிக்கொண்டார், இனாமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டேன் என்று.

அந்த லென்ஸைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஏஐ-எஸ் வகை, 22 மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மற்ற எண்களில் சிலவற்றுக்கு ஒவ்வொரு நிறம், அதே நிறத்தில் உடம்பில் இரண்டு கோடுகள். எந்த எண்ணுக்கு எதிலிருந்து எதுவரை துல்லியம் என்பது அதிலேயே அச்சாகி இருக்கும். வெயில் மறைப்பு தனியாகக் கிடையாது, உள்ளே இருந்து இழுத்தால் வரும். 1971-இல் உள்ளமைப்பை மாற்றினார்கள், அதற்கு முந்தையதுதான் உசத்தி என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இருக்கட்டும். ஸ்டீவ் மெக்கரியின் ஆப்கான் பெண் இந்த லென்ஸில், எஃப்எம்2-வில் எடுத்த படம் என்பதைச் சொல்லிச் சொல்லியே இதன் விலையை ஏற்றிவிட்டார்கள். எனக்கு அதைவிட, ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் ஒரு பாட்டியின் கன்னத்தை இது எப்படி எழுதும் என்பதுதான் முக்கியம். சுருக்கம் ஒன்றையும் மறைக்காது, ஒன்றையும் பெரிதாக்கிக் காட்டவும் செய்யாது.

எக்ஸ்-டி5 என் நண்பருடையது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஃபியூஜி பக்தர். “சார், கலரைப் பாருங்க சார்” என்பார். பார்த்தேன். கலருக்கு எனக்கு ஒரே பரீட்சைதான்: அரக்குப் பட்டு. அது செங்கல்லாகவும் ஆகக்கூடாது, கத்தரிப்பூவாகவும் ஆகக்கூடாது. வெல்வியாவில் எரிகிறது. கிளாசிக் குரோமில் நாலு தடவை துவைத்த மாதிரி. புரோ நெக் ஸ்டாண்டர்டில் அப்படியே அரக்கு, நம் தோல் நிறமும் நம் தோல் நிறமாகவே வருகிறது. நிக்கானில் இதற்குக் கம்ப்யூட்டர் முன்னால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இந்த இடத்தில் ஃபியூஜிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் ‘ரெசிபி’ என்று ஊரெல்லாம் ஒரே கலவையைப் போட்டு, மாமியார் மருமகள் இருவர் புடவையையும் தேன்குழல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இப்போதைய கல்யாண ஆல்பங்களில் பெண் என்ன நிறப் புடவை கட்டினாள் என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

எடையிலும் நண்பர் ஜெயித்தார். எஃப்எம்2 540 கிராம். எக்ஸ்-டி5 பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 557. இஸட்-எஃப் 710. பழைய நிக்கானின் முகம் ஒன்றுக்கு, அதன் உடம்பு வேறொன்றுக்கு. திரையும் அப்படியே. மார்கழி விடியலில் வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் எடுக்க, லென்ஸுக்கு நேர் பின்னாலேயே மேல்நோக்கி நிமிரும் ஃபியூஜி திரைதான் சுகம். நிக்கானின் திரை கதவு மாதிரி இடப்பக்கம் திறக்கிறது, கண் ஒரு பக்கம் கை ஒரு பக்கம். அதை உள்முகமாகத் திருப்பி மூடிவிட்டால் மட்டும் பின்பக்கம் வெறும் தோல். பழைய கேமரா கையில் இருக்கிற நினைப்பு வந்துவிடுகிறது.

இந்தப் பங்குனியில் இஸட்-எஃப்-ஐ இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, நண்பரிடம் எக்ஸ்-டி5-ஐயும் இரவல் வாங்கிக்கொண்டு, அறுபத்துமூவருக்கு மயிலாப்பூர் போனேன். இஸட்-எஃப்-போடு 40 மி.மீ. லென்ஸ் ஒன்று கொடுத்தார்கள். பழைய லென்ஸ் போலவே சுற்றிலும் வரி வரியாகச் செதுக்கல். வளையம் உண்டு, திருப்பலாம், ஆனால் ஒரு எண் இல்லை. கோபுரம் வைத்துக் கட்டிய கல்யாண மண்டபத்துக்குள் போய்க் கர்ப்பக்கிரகத்தைத் தேடியவன் கதையானேன். காலையில் முழுக்க ஃபியூஜிதான் கழுத்தில்.

மத்தியானம் ஒரு நீர்மோர்ப் பந்தலின் நிழலில் நின்றுகொண்டு, அடாப்டரைப் போட்டு 105-ஐ இஸட்-எஃப்-இல் மாட்டினேன். ஃபியூஜியிலும் மாட்டலாம், ஏற்கெனவே மாட்டிப் பார்த்தாயிற்று. அங்கே அது 157 மாதிரி ஆகிவிடுகிறது. மாட வீதிக் கூட்டத்தில் பின்னால் போகப் போக முதுகில் மோர் அண்டா. இங்கே 105 என்றால் 105. அண்ணன் கண்ணால் பார்த்த அதே தூரம், அதே சட்டம். லீவரை ‘எம்’-முக்குத் தள்ளினேன். ஷட்டர் டயலில் 250, ஐஎஸ்ஓ டயலில் 200, லென்ஸில் 8. எல்லா எண்ணும் வெளியே, எல்லா எண்ணும் நிஜம். அதுவரை பொய் சொன்ன அதே டயல், நாற்பது வருஷத்து லென்ஸ் ஒன்று முன்னால் வந்து நின்றதும் ஒழுங்காகிவிட்டது. அந்த எல்சிடி சன்னலுக்கு வேலையே இல்லை. அடாப்டருக்கு அந்தப் பக்கம் வளையம் எந்த எண்ணில் நிற்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைப் பையனுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். கையால் ஃபோகஸ் செய்யும்போதும் இஸட்-எஃப் கண்ணைத் தேடிப் பிடித்துக் கட்டம் போடுகிறது. பெரிதாக்கும் பட்டனை அழுத்தினால் நேராக அந்தக் கண்ணுக்கே போகிறது. பல்லக்குத் தூக்கி ஒருவர் வியர்வையைத் துடைக்கத் தோளை மாற்றிய கணத்தில், 2.5-இல், இமை மயிர் எண்ணும்படி கிடைத்தது. எஃப்எம்2-வில் பத்துக்கு மூன்று தேறும்.

ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகிற பொருளில் இரண்டாவது கார்டுக்கு ஏன் அந்த மைக்ரோ எஸ்டி, அதையும் ஏன் பேட்டரிக் குழிக்குள் நகத்தால் நோண்டி எடுக்க வைத்தார்கள் என்று இன்னும் புரியவில்லை. கேமரா, அடாப்டர், லென்ஸ் மூன்றும் சேர்ந்தால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல். மறுநாள் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்தபடிதான் கடைக்குப் போன் செய்து கறுப்பு இஸட்-எஃப் ஒன்றுக்குச் சொல்லிவைத்தேன். லென்ஸ் வேண்டாம், பாடி மட்டும்.

நண்பர் எக்ஸ்-டி5-ஐத் திரும்ப வாங்கிப் போக வந்திருந்தார். படங்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், இந்தப் படம் எந்த அப்பர்ச்சர் என்று கேட்டார். படத்தோடு வரும் தகவலில் ஷட்டர் இருக்கிறது, ஐஎஸ்ஓ இருக்கிறது, நான் வைத்த எண் இல்லை. சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் பாக்கெட் நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஃபிலிம் காலத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒன்று வாங்கினேன். பல்லக்கு – 2.5. மோர்ப் பந்தல் – 5.6. திண்ணைப் பாட்டி – 4. எட்டிப் பார்த்தவர் கேட்டார்:

“என்ன சார் இது, பால் கணக்கா?”